எழுதுகோல் ஏந்திய கிருபாபாய்

பெரியவளானதும் என்ன படிக்கப் போகிறாய் என்று நம் வகுப்புகளில் கேட்டால், டாக்டர் படிப்பு என்று சொல்லும் குரல்களே மிகுதி. அதே ஆசையோடு 1878-ஆம் ஆண்டில், 16 வயதில், பம்பாய் மாகாணத்திலிருந்து சென்னைப் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். அவர் டாக்டர் ஆகவில்லை. ஓராண்டிலேயே உடல்நலம் குலைந்து கல்லூரியை விட்டார். ஆயினும் 32 வயதுக்குள் இரண்டு நாவல்களையும் பல கட்டுரைகளையும் எழுதி வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் நாவல் படைத்த முதல் இந்தியப் பெண்மணிகளுள் ஒருவர் என்னும் பெயரோடு மறைந்தார். கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார் என்றால் இலக்கியம் பயின்றோர் அறிவர். நம் மாணவியரும் அறிய வேண்டும் என்பது நம் ஆசை.

கிருபாபாய் 1862-ஆம் ஆண்டில், இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில், அந்நாளில் அகமதுநகர் என்று வழங்கிய ஊரில் பிறந்தார். தந்தை ஹரிபந்த், தாய் ராதாபாய். இருவரும் பிராமணக் குடும்பங்களில் பிறந்து கிறிஸ்தவ மறையைத் தழுவியவர்கள். அந்நாளில் இது எத்துணை பெரிய செயல் என்பதை நாம் இன்று எளிதில் உணர முடியாது. பெற்றோர், உற்றார், ஊரார் அத்தனை பேரும் ஒரே நாளில் அந்நியராகிவிடுவர். இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கைக்கூட உயிரோடிருக்கும் மகனுக்குச் செய்துவிட்ட குடும்பங்கள் உண்டு.

இதில் கணவரைவிட மனைவி பட்ட பாடே பெரிது. கணவர் தம் அறிவாலும் மனச்சான்றாலும் ஆராய்ந்து முடிவு செய்தார். சிறு வயதிலேயே மணமுடிக்கப்பட்ட மனைவியிடம் யார் கேட்டார்கள்? அவர் விருப்பம் அறியாமலே அவர் வாழ்க்கை மாறிற்று. ராதாபாய் சில காலம் தம் பழைய ஆசாரங்களை விடாமல் காத்து, பிறகே தாமும் புதிய நம்பிக்கையை ஏற்றுக்கொண்டார். தம் அன்னையின் இந்தக் கண்ணீரைக் கிருபாபாய் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். கிறிஸ்தவ வாசகர்கள் விரும்பிப் படிக்கும் மனமாற்றக் கதையாக அதை இனிப்பாக எழுதியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தந்தையின் நெஞ்சுறுதியையும் போற்றினார். தாயின் துயரத்தையும் அதன் முழு அளவில் காட்டினார். அவர் எழுத்தில் நாம் முதன்மையாக மதிப்பது இந்த நேர்மையையே.

தந்தை சீக்கிரமே காலமானார். பெரிய குடும்பம். வீட்டில் பையன்களுக்குப் பாடம், பெண்களுக்கு அடுக்களை என்பதே ஏற்பாடு. மதம் மாறினாலும் இந்த வழக்கம் மாறிவிடவில்லை! சிறுமி கிருபாபாய் சகோதரர்கள் பாடம் படிக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். அவர்கள் திரும்பத் திரும்பப் படித்தும் மனத்தில் பதியாததைக் காதால் கேட்டே கற்றுக்கொள்வாள். பெண்ணுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று தாயே கவலைப்பட்டார். புத்தகப் பைத்தியம் பிடித்த மகளை எவர் வீட்டில் மருமகளாக ஏற்பார்கள் என்ற கவலை, நம் பாட்டிமாருக்கும் இருந்ததுதானே.

மூத்த சகோதரர் பாஸ்கர் ஒருவர் மட்டும் தங்கையின் அறிவுத் தாகத்தைக் கண்டுகொண்டார். புத்தகங்களைக் கொடுத்தார், பெரியவர்களோடு பேசுவதுபோல் அவளோடு பேசினார், படித்ததைப் பற்றி அவளே சிந்திக்குமாறு தூண்டினார். அந்த அண்ணனும் இளவயதிலேயே இறந்தார். தங்கை நிலைகுலைந்து போனாள். அவளுக்கு ஓர் இடமாற்றம் வேண்டும் என்று கருதி, இரண்டு ஐரோப்பிய மிஷனரிப் பெண்மணிகளின் பொறுப்பில் விட்டார்கள்.

அங்கே கிருபாபாய்க்கு நன்மையும் கிடைத்தது, மனக்காயமும் கிடைத்தது. அன்பு காட்டியவர்களே சில வேளைகளில் இந்தியர்களைத் தமக்குக் கீழ்ப்பட்டவர்களாக நடத்துவதை அந்தச் சிறுமி கூர்ந்து கவனித்தாள். ஒரே ஆண்டவரை வணங்குவோரிடையே வெள்ளைத் தோலுக்கு ஒரு நாற்காலி, கறுத்த தோலுக்கு ஒரு பாய் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இதையும் பின்னாளில் எழுதினார். உதவி பெற்றவர் வாய் மூடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், மிஷன் உதவியால் படித்த ஓர் இந்தியப் பெண் இதை அச்சில் ஏற்றியது சிறிய துணிவன்று.

பிறகு பம்பாயில் ஒரு விடுதிப் பள்ளி. அங்கேதான் ஓர் அமெரிக்கப் பெண் மருத்துவரின் நட்பு கிடைத்தது. அந்நாளில் நம் நாட்டுக் குடும்பப் பெண்கள் பலர் நோயுற்றாலும் ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட மாட்டார்கள். பிரசவத்தில் உயிர் போனாலும் போகுமேயன்றி, வழக்கம் தளராது. ஆகையால் பெண் மருத்துவர் தேவை என்பது வெறும் உரிமைப் பேச்சாக இல்லாமல், உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. கிருபாபாய் மருத்துவம் பயில உறுதி கொண்டார். இங்கிலாந்து சென்று படிப்பதற்கு உதவித் தொகையும் கிடைத்தது. ஆனால் உடல் அதற்குத் தாங்காது என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டனர்.

எஞ்சிய வழி சென்னைதான். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. லண்டனிலேயே பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களை வாயிலில் நிறுத்தி வைத்திருந்த காலம் அது! மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணியும் வேறு மூவரும் முதலில் சேர்ந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1878-இல் கிருபாபாய் சேர்ந்தார். மொழி புதிது, ஊர் புதிது, ஆண்கள் நிறைந்த வகுப்பு புதிது. இருந்தும் முதலாண்டிலேயே சிறந்த மதிப்பெண்களைப் பெற்றார். இந்தியப் பெண்ணின் மூளை இத்தகைய படிப்புக்கு ஏற்றதா என்று தலையசைத்தவர்களுக்கு அதுவே விடையாயிற்று.

சென்னையில் அவர் தங்கியது டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர் இல்லத்தில். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் போதகராக விளங்கிய இவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். இவர் மனைவி அன்னாள் அம்மையாரைப் பற்றி இரண்டு வரி சொல்லியே ஆகவேண்டும். திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றில் புகழ்பெற்ற ஜான் தேவசகாயம் ஐயரின் மகள் இவர். சென்னையில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியதோடு, வீட்டைவிட்டு வெளியே வர இயலாத குலப்பெண்களுக்கு அவரவர் வீடு தேடிச் சென்று எழுத்தறிவித்தவர். பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களுக்காகத் தமிழில் ஒரு நூலும் எழுதியிருக்கிறார். தம் தாய் வீட்டில் அடுக்களையையே பெண்ணின் உலகமாகக் கண்ட கிருபாபாய், இந்த வீட்டில் கையில் புத்தகத்தோடு தெருவில் இறங்கும் ஒரு குடும்பத் தலைவியைக் கண்டார்.

ஓராண்டு சென்றது. கடும் உழைப்பும் முன்பே நலிந்திருந்த உடலும் ஒத்துப்போகவில்லை. 1879-இல் கிருபாபாய் நோயில் விழுந்தார். கல்லூரிப் படிப்பு அத்தோடு நின்றது. பூனாவில் இருந்த சகோதரியிடம் போய்ச் சேர்ந்தார். எண்ணிப் பாருங்கள். ஊரையும் உறவையும் விட்டு, எத்தனையோ பேருடைய உதவியைப் பெற்று, முதல் தேர்வுகளில் வெற்றியும் கண்ட பிறகு, வெறுங்கையோடு திரும்புவது என்றால் எப்படியிருக்கும்? பெண்களுக்கு எதற்கு இந்த ஆசை என்று முன்பே சொன்னவர்கள் இப்போது என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

1881-இல் அவர் மீண்டும் சென்னைக்கு வந்தார். சத்தியநாதன் ஐயரின் மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இருவரும் நண்பர்களாகி, பின்னர் மணம் புரிந்துகொண்டார்கள். மராத்தியப் பெண், தமிழ் மாப்பிள்ளை. ஒருவரையொருவர் அறிந்து, பேசிப் பழகி, விரும்பிச் செய்துகொண்ட திருமணம். நம் நாட்டில் பெண் பிள்ளைகள் பத்து வயதுக்குள் தாலி கட்டிக்கொண்ட காலத்தில் நடந்தது இது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சாமுவேலுக்கு உதகமண்டலத்தில் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியின் தலைமையாசிரியர் பணி கிடைத்தது. நீலகிரியின் குளிர்ந்த காற்று கிருபாபாயின் உடலுக்கு இதம் தந்தது. உடல் சற்றுத் தேறியதும் சும்மா இருந்தாரா? முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேறு பள்ளிகளிலும் கற்பித்தார். பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கியதும் இங்கேதான். தோடர் மக்களின் குடியிருப்பைக் கண்டு வந்து அவர் எழுதிய கட்டுரை பலருடைய கவனத்தைக் கவர்ந்தது. பெண் கல்வி பற்றியும், வீட்டில் குழந்தைகளைப் பழக்கும் முறை பற்றியும், நம் சமூக வழக்கங்கள் பற்றியும் எழுதினார்.

இந்தக் கட்டுரைகளில் அவர் பெயர் இராது. ஓர் இந்தியப் பெண்மணி என்று மட்டுமே கையொப்பம் இருக்கும். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் சார்லட் பிராண்டி, கர்ரர் பெல் என்ற புனைபெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டார். மேரி ஆன் எவன்ஸ், ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரைச் சூடிக்கொண்டார். பெண் எழுதியது என்று தெரிந்தால் நூலை எடைபோடும் தராசே மாறிவிடும் என்ற அச்சம். கிருபாபாயும் தம் பெயரை மறைத்தார். ஆனால் தாம் பெண் என்பதையும் இந்தியர் என்பதையும் மறைக்கவில்லை. அவ்விரண்டையுமே தம் பெயராக்கிக்கொண்டார்.

மூன்றாண்டுகளுக்குப் பின் கணவருக்கு இராஜமகேந்திரபுரத்துக்கு மாற்றம். கோதாவரிக் கரையின் வெப்பம் ஒத்துக்கொள்ளாமல் மறுபடியும் நோய். அங்கிருந்து கும்பகோணம். 1886-இல் சென்னைக்கே திரும்பினார்கள். சாமுவேல் பின்னர் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார்.

1887, 1888 ஆகிய ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் ‘சகுணா’ தொடர்கதையாக வந்தது. ஓர் இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணின் வாழ்க்கைக் கதை என்று அதற்குப் பெயர். உண்மையில் அது பெரும்பாலும் கிருபாபாயின் சொந்தக் கதையே. தாயின் இளமை, அண்ணனின் மறைவு, விடுதி வாழ்க்கை, மருத்துவக் கல்லூரி எல்லாம் அதில் உண்டு. ஆண்கள் மட்டுமே படித்த ஒரு கல்லூரியின் இதழ் அது. அதன் பக்கங்களில் ஒரு பெண் தன் அறிவுப் பசியைப் பற்றியும், கோபத்தைப் பற்றியும், தோல்வியைப் பற்றியும் எழுதியதைப் பேராசிரியர்களும் மாணவர்களும் மாதந்தோறும் படித்தார்கள்! இயற்கை வருணனைகள் சற்றே நீண்டு போவதும், ஆங்கிலம் சில இடங்களில் அளவுக்கு மேல் அலங்காரம் பூணுவதும் உண்மைதான். அவ்விடங்களைத் தாண்டினால், ஒரு பெண்ணின் உள்ளம் ஒளிவின்றிப் பேசுவதைக் கேட்கலாம்.

அதே ஆண்டுகளில் மராத்திய நாட்டுப் பெண்கள் வேறு இருவரைப் பற்றியும் தேசம் முழுதும் பேசிற்று. அமெரிக்கா சென்று 1886-இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி, மறு ஆண்டிலேயே காசநோயால் 21 வயதில் இறந்தார். குழந்தைப் பருவத்தில் கட்டி வைத்த கணவரோடு வாழ மறுத்த ருக்மாபாயிடம், ஒன்று கணவர் வீடு, இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று 1887-இல் பம்பாய் நீதிமன்றம் கூறியது; சிறைக்குப் போகிறேன் என்றார் அவர். வழக்கு ஒருவாறு முடிந்தபின் இலண்டன் சென்று மருத்துவரானார். இவர்களோடு கிருபாபாயையும் சேர்த்துப் பார்த்தால் அக்காலத்தின் நிலை நமக்கு விளங்கும். ஒரு பெண் படிக்க விரும்பினால் சமூகத்தோடும் போராட வேண்டும், சட்டத்தோடும் போராட வேண்டும். அவற்றை வென்றாலும் நோய் காத்திருக்கும்.

கிருபாபாய்க்கும் வந்தது காசநோயே. அதற்கு முன்னரே அவருக்கு ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. அவருக்குப் பிறந்த ஒரே குழந்தை முதல் பிறந்த நாளைக் காணுமுன் இறந்துவிட்டது. மன நோய்க்குச் சிகிச்சை பெற வேண்டிய அளவுக்கு அவர் துயருற்றார். 1890-இல் மாமியார் அன்னாள் அம்மையாரும், 1892-இல் மாமனாரும் மறைந்தார்கள். பம்பாயில் மருத்துவர்கள் பரிசோதித்து, இந்த நோயைக் குணப்படுத்த இயலாது என்று சொல்லிவிட்டார்கள். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882-இல். ஆனால் அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1940-களில். சில மாத மாத்திரைகளால் இன்று குணமாகும் நோய் அந்நாளில் மரண ஓலை.

மரண ஓலை கைக்கு வந்தபின் அந்த அம்மையார் எடுத்த வேலை, இரண்டாவது நாவல். ‘கமலா’ என்று பெயர். இம்முறை அவர் எழுதியது ஓர் இந்துப் பெண்ணின் கதை. தாயை இழந்து, துறவிபோல் வாழும் தந்தையிடம் வளர்ந்து, நூல்களோடு பழகிய கமலா, சிறுவயதில் ஒரு பெரிய குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறாள். மாமியாரின் கொடுமை, நாத்திமாரின் ஏளனம், வேறொரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்த கணவன். முதலில் கணவன் அவளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி, வீட்டார் சிரித்ததும் விட்டுவிடுகிறான். இந்த ஒரு செய்தியிலேயே அந்த இல்லறம் முழுதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பெண் குழந்தை இறக்கிறது. கணவனும் வாந்திபேதியில் இறக்கிறான். கமலாவின் மடியில் குழந்தை இறக்கும் பகுதியை எழுதிய கை, தன் குழந்தையையும் புதைத்த கை என்பதை அறிந்து படிப்பவர்களுக்கு அந்தப் பக்கங்கள் எளிதில் நகரா.

கதையின் முடிவைப் பற்றிப் பலர் குறைகூறியிருக்கிறார்கள். கமலாவை உண்மையாக நேசிக்கும் ஒருவன் அவளை மணக்க முன்வருகிறான். 1856-ஆம் ஆண்டிலேயே விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் கமலா மறுத்துவிடுகிறாள். தனக்கு வந்த செல்வத்தைப் பிறர் துயர் துடைக்கச் செலவிடுகிறாள். இத்துணை துணிந்த எழுத்தாளர் கதாநாயகியை ஏன் துணிய விடவில்லை என்பது கேள்வி. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கமலா போன்ற பெண்களின் மனத்தில் அது இன்னும் நுழையவில்லை. தாம் விரும்பியபடி நடந்ததாக எழுதாமல், அன்று நடந்திருக்கக்கூடியதை எழுதினார் அம்மையார். தாயின் கதையில் காட்டிய நேர்மையே இங்கும் இருக்கிறது. அதோடு, தன் பணத்தைத் தானே ஆண்டு, தன் விருப்பப்படி செலவிடும் இளம் விதவை அக்காலத்து வாசகர்களுக்குப் பழக்கமான காட்சியும் அன்று.

கிறிஸ்தவராகிய அவர் இந்துக் குடும்பத்தை எழுதும்போது பழிதூற்றிவிடுவாரோ என்ற ஐயமும் எழலாம். கொடுமையைக் கொடுமை என்றே எழுதினார். ஆனால் திருவிழாக்களின் அழகையும், தீர்த்தக் கரைகளையும், கமலாவின் தந்தையுடைய ஞானத்தையும் பாசத்தோடு எழுதினார். அவை அவருடைய தாய் விட்டு வந்த உலகமல்லவா!

எழுத எழுத உடல் தேய்ந்தது. நாவல் முடிந்தது, 1894-இல் அவர் வாழ்வும் முடிந்தது. அப்போது அவருக்கு 32 வயது. ‘கமலா’ அதே ஆண்டிலும், ‘சகுணா’ அடுத்த ஆண்டிலும் நூல் வடிவில் சென்னையில் வெளிவந்தன. கட்டுரைகள் 1896-இல் தொகுக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள்ளேயே இரண்டு நாவல்களும் தமிழாக்கம் பெற்றன. அவரை அறிந்தவர்கள் ஒன்றுகூடி, அவர் முடிக்காமல் விட்டு வந்த அதே மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு ஓர் உதவித் தொகையும், சென்னைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் சிறந்து விளங்கும் பெண்ணுக்கு ஒரு பதக்கமும் அவர் நினைவாக ஏற்படுத்தினார்கள்.

பிறகு நெடுங்காலம் அவர் நூல்கள் நூலக அலமாரிகளில் உறங்கின. 1998-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இரண்டையும் மறுபடி வெளியிட்டது. ஆங்கிலம் தடையின்றிப் படிக்கும் மேல்வகுப்பு மாணவியர் முதலில் ‘சகுணா’வைக் கையில் எடுக்கலாம், அண்ணன் தங்கைக்குப் புத்தகம் கொடுக்கும் பகுதிவரை வந்துவிட்டால், பிறகு அவர்களே படித்து முடித்துவிடுவார்கள். ‘கமலா’வைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம், அதைத் தாயும் மகளும் சேர்ந்து படிப்பது இன்னும் நல்லது.